காஞ்சி ஈன்ற பேரறிஞர்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஐயம்பேட்டை)

முன்னுரை

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்துள்ளது எங்கள் ஐயம்பேட்டை. வீட்டுக்கு வீடு தறி ஓசை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் தறிக்கு எதிரே உள்ள சுவரில் சாமி படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். அவ்வரிசையின் கடைசியில், தோளில் துண்டும் படியாத தலைமுடியும் சிரித்த முகமுமாக ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. சிறு வயதில் அவரும் ஒரு சாமி என்றே நான் எண்ணியிருந்தேன்.

விவரம் தெரிந்த பின்புதான் அவர் பேரறிஞர் அண்ணா என்பதும், கடவுள் பெயரால் நடந்தவற்றைக் கடுமையாகச் சாடிய பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்தவர் என்பதும் எனக்குத் தெரிந்தன. அப்படிப்பட்டவரின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் எப்படி வந்தது என்று தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா நாடாவை நிறுத்தவில்லை. நெசவாளி பட்டினி கிடந்த காலத்தில் நம் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றவர் அவர் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆண்டு மலருக்குத் தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருமாறு அருட்சகோதரி அவர்கள் பணித்தபோது, வேறு யாரையும் தேடாமல் அண்ணாவையே எடுத்துக்கொண்டேன். இது கட்சிக் கட்டுரை அன்று. நம் ஊர் மண்ணில் தோன்றி, நாட்டுப் பற்று என்றால் என்ன என்பதைத் தம் வாழ்வாலேயே கற்றுத் தந்த ஒரு மனிதரின் கதை. அன்புத் தோழியரே, பொறுமையுடன் படியுங்கள்!

பிறப்பும் கல்வியும்

அண்ணாதுரை 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் நடராசன். தாயார் பெயர் பங்காரு அம்மாள். ஆயினும் அவரைச் சீராட்டி வளர்த்தவர் சிறிய தாயாரான இராசாமணி அம்மையாரே ஆவார். அவரை அண்ணா தொத்தா என்று அன்புடன் அழைப்பார். பிற்காலத்தில் நாடறிந்த தலைவரான பின்னும் தொத்தாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையாகவே இருந்தார்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தார். குடும்பத்தில் வறுமை. எனவே படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக வேலை பார்த்தார். எனினும் கல்வியின் மேல் கொண்ட ஆசை அவரை விடவில்லை. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் பயின்று 1934-இல் சிறப்புப் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1930-இல், இராணி அம்மையாரை மணந்துகொண்டார்.

அக்காலத்தில் இத்தகைய பட்டம் பெற்றவர்க்கு அரசாங்க உத்தியோகம் எளிதில் கிடைக்கும். வயிற்றுப் பாட்டுக்குக் கவலையில்லை. அண்ணாவோ சிறிது காலம் ஆசிரியர் பணி புரிந்துவிட்டுப் பொது வாழ்வில் குதித்தார். 1934-இல் திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாட்டில் தந்தை பெரியாரை முதன்முதலாகச் சந்தித்ததே அவர் வாழ்வின் திருப்புமுனை ஆயிற்று. பின்னர் ஈரோடு சென்று பெரியாரின் குடிஅரசு, விடுதலை ஆகிய ஏடுகளில் துணையாசிரியராகப் பணியாற்றினார்.

எழுத்தும் பேச்சும்

அண்ணா உயரத்தில் குள்ளமானவர், குரலோ கரகரப்பானது. பொடி போடும் பழக்கமும் உண்டு. உடையில் சற்றும் கவனம் இல்லாதவர். ஆனால் மேடையில் ஏறி வாய் திறந்துவிட்டால் நள்ளிரவு ஆனாலும் கூட்டம் கலையாது. அடுக்குத் தொடரும் எதுகை மோனையும் அருவியெனக் கொட்டும். அதற்கு முன் மேடைத் தமிழ் பண்டிதர்க்கே உரியதாக இருந்தது. வண்டி ஓட்டுபவரும் தறி நெய்பவரும் நல்ல தமிழைக் கேட்டு மகிழச் செய்தவர் அண்ணா. ஆங்கிலத்திலும் அவர் அதே அளவு வல்லவராக விளங்கினார்.

1942-இல் காஞ்சிபுரத்திலிருந்தே ‘திராவிட நாடு’ என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். தம்பிக்கு என்று விளித்து அவர் எழுதிய கடிதங்கள் அக்காலத்து இளைஞர்க்குப் பாடப் புத்தகம் போல் பயன்பட்டன. உலக வரலாறு, பொருளாதாரம், அன்றாட அரசியல் ஆகிய அனைத்தையும் வீட்டில் மூத்தவர் இளையவர்க்குச் சொல்லுவது போல் எழுதினார். அதனாலேயே ஊரார் அனைவர்க்கும் அவர் அண்ணா ஆனார்.

நாடகங்களும் பல எழுதினார். தாமே வேடமிட்டும் நடித்தார். சிவாஜி கண்ட இந்து இராஜ்யம் என்னும் அவருடைய நாடகத்தில் சிவாஜியாக நடித்த கணேசன் என்ற இளைஞரைத்தான் பெரியார் பாராட்டிச் சிவாஜி கணேசன் என்று அழைத்தார். வேலைக்காரி, நல்லதம்பி, ஓர் இரவு ஆகியவை திரைப்படங்களாகவும் வெளிவந்தன. ஏழைப் பெண்ணும் வேலைக்காரியும் கதைத் தலைவியாக வந்து நியாயம் கேட்பதை மக்கள் திரையில் கண்டனர்.

தனிநாடு கேட்டது ஏன்?

அண்ணாவின் அரசியல் கொள்கைகளுள் நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டியது அவருடைய தனிநாட்டுக் கோரிக்கையே ஆகும். 1938-இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதனை எதிர்த்து நடந்த போராட்டத்தில் அண்ணா நான்கு திங்கள் சிறை சென்றார். 1940-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள், வடக்கே அமையும் ஆட்சியில் தென்னாட்டு மொழிகளுக்கும் மக்களுக்கும் உரிய இடம் கிடைக்காது என்ற அச்சம் பலர் நெஞ்சில் வேரூன்றிவிட்டது.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் தென்னாட்டு மக்கள் ஒன்றுகூடித் திராவிட நாடு என்னும் தனிநாடு அமைக்க வேண்டும் என்று பெரியாரும் அண்ணாவும் கேட்டனர். பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் வடக்கே அமைகின்றன, தெற்கு தேய்கின்றது என்பது அண்ணா எடுத்துக்காட்டிய காரணம். 1944-இல் சேலத்தில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. ஆங்கில அரசு அளித்த பட்டங்களையும் பதவிகளையும் கழகத்தார் துறக்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கே அண்ணாவின் பெயராலேயே நிறைவேறியது.

ஆனால் 1947 ஆகஸ்டு 15 வந்தது. அந்த நாளைத் துக்க நாளாகக் கொள்ளுமாறு பெரியார் கூறினார். அண்ணா உடன்படவில்லை. அந்நியன் வெளியேறும் நாள் அனைவர்க்கும் இன்ப நாளே என்று தம் ஏட்டில் துணிந்து எழுதினார். தம்மை ஆளாக்கிய தலைவரையே மறுத்துப் பேசுவது எளிய செயலா? குருவிடம் கொண்ட அன்பையும் விடாமல், மனச்சான்றையும் விடாமல் நின்றார் அவர். இந்த வேறுபாடு நாளடைவில் வளர்ந்தது. 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. சென்னை இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் அதன் தொடக்கக் கூட்டம் நடந்தது. அப்போதும் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்றே வெறுமையாக விட்டுவைத்து, தாம் பொதுச்செயலாளராக மட்டும் அண்ணா இருந்தார்.

கைத்தறி சுமந்த தோள்

தாத்தா சொன்ன நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறி நெசவாளர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் நெய்த துணி மூட்டை மூட்டையாகத் தேங்கியது. தறிகள் ஓய்ந்தன. கைத்தொழிலால் மானமாக வாழ்ந்த குடும்பங்கள் கஞ்சித் தொட்டியை நாடிச் செல்லும் நிலை வந்தது.

அப்போது கைத்தறித் துணிகளைத் தாமே விற்பது என்று கழகத்தார் முடிவு செய்தனர். 1953 சனவரியில் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து கூவி விற்றார். மற்றத் தலைவர்கள் மற்ற ஊர்களில் விற்றனர். விற்ற துணியால் தமிழ்நாட்டு நெசவாளர் அத்தனை பேர் பசியும் தீர்ந்திருக்குமா? தீர்ந்திராது. ஆனால் பட்டம் பெற்ற ஒரு தலைவர், ஆயிரக்கணக்கானோர் கேட்கும் பேச்சாளர், வெயிலில் துணி மூட்டையுடன் நின்றது நெசவாளர்க்கு ஒன்றை உணர்த்தியது. நம் தொழில் இழிவானது அன்று. நம்மைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே அது. மூன்று தலைமுறைக்குப் பிறகும் எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் ஏன் இருக்கிறது என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

தேர்தல் களம்

தொடக்கத்தில் தி.மு.கழகம் தேர்தலில் ஈடுபடவில்லை. 1956-இல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் ஈடுபடும் முடிவு எடுக்கப்பட்டது. தனிநாடு கேட்கும் ஒரு கட்சி, கத்தியையும் துப்பாக்கியையும் நாடாமல் வாக்குப் பெட்டியை நாடியது. உலகின் பல நாடுகளில் பிரிவினைக் கோரிக்கைகள் குருதி வெள்ளத்தில் முடிந்ததை எண்ணிப் பார்த்தால் இந்த முடிவின் அருமை புரியும்.

1957-இல் கழகத்தினர் 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர். அண்ணா நம் காஞ்சிபுரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் 15 என்பது 50 ஆயிற்று. ஆனால் என்ன விந்தை! கழகமே வளர்ந்த அந்தத் தேர்தலில் அண்ணா மட்டும் தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். பிறந்த ஊர் கைவிட்டதே என்று அவர் வெறுத்து ஒதுங்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராகத் தில்லி சென்றார். 1962 மே முதல் நாள் அங்கே தம் முதல் உரையை நிகழ்த்தினார். தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்பதில் பெருமை கொள்வதாகவும், அதனால் வேறு எவரையும் தாம் வெறுப்பவர் அல்லர் என்றும் எடுத்துரைத்துத் தன்னுரிமை கேட்டார். கேட்ட உறுப்பினர் பலருக்குக் கோபம் வந்தது. ஆயினும் அவர் ஆங்கிலத்தின் அழகையும் வாதத்தின் கண்ணியத்தையும் எவராலும் மறுக்க முடியவில்லை.

கோரிக்கையைக் கைவிட்ட நாள்

அதே 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று சீனப் படைகள் இந்திய எல்லைக்குள் புகுந்தன. விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் செய்து வேலூர்ச் சிறையில் இருந்துவிட்டு வந்த அண்ணா, தம் வாழ்நாளிலேயே மிகக் கடினமான முடிவை அப்போது எடுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று முழங்கி வந்த தனிநாட்டுக் கோரிக்கையை ஒத்திவைத்தார். வீடு இருந்தால்தானே ஓடு மாற்ற முடியும் என்ற கருத்தை மக்களுக்கு விளக்கினார். போர் நிதி திரட்டும் பணியில் கழகம் முழுமூச்சுடன் இறங்கியது. 1963 நவம்பரில் அக்கோரிக்கை கழகத்தின் சட்டதிட்டங்களிலிருந்தே நீக்கப்பட்டது.

இம்முடிவைக் குறை கூறுவோர் உண்டு. பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க முடியாதவாறு 1963-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது. அதற்கு அஞ்சியே அண்ணா பின்வாங்கினார் என்பர் அவர்கள். திராவிட நாடு கைகூடாது என்று சொல்லி ஈ.வெ.கி. சம்பத் 1961-இலேயே கழகத்தை விட்டு விலகியதையும், ஆந்திரமும் கருநாடகமும் கேரளமும் அக்கோரிக்கைக்குச் செவிசாய்க்காததையும் எடுத்துக்காட்டுவர். இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கழகம் தடை செய்யப்படாமல் பிழைக்க வேண்டும் என்ற கவலை அண்ணாவுக்கு இருந்திருக்கும்.

ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள், தோழியரே! போர் மூண்டது 1962 அக்டோபரில். சட்டத் திருத்தம் நிறைவேறியது அதற்கு ஓராண்டு கழித்து. நாட்டுக்கு ஆபத்து என்றவுடன் அவர் கோரிக்கையை ஒத்திவைத்தபோது அந்தச் சட்டம் பிறக்கவே இல்லை. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பிரிந்து போகாமலேயே அக்குறைகளைத் தீர்க்க மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்று கேட்கலானார். தொண்டர்கள் வருந்துவார்கள், எதிரிகள் சிரிப்பார்கள் என்று தெரிந்தும் அவர் செய்த செயல் அது. ஒரு கொள்கையைப் பிடித்துக்கொள்ளத் துணிவு வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கிறார்கள். பிடித்ததை விடுவதற்கு அதனினும் பெருந்துணிவு வேண்டும் அல்லவா?

மொழிப் போராட்டம்

தனிநாட்டை விட்டாரே தவிரத் தாய்மொழியை அவர் விடவில்லை. 1965 சனவரி 26 முதல் இந்தி ஒன்றே இந்திய நாட்டின் ஆட்சிமொழி ஆகும் என்று அரசியலமைப்பில் குறிக்கப்பட்டிருந்தது. அதனை எதிர்த்து 1963 இறுதியில் அரசியலமைப்பின் மொழிப் பிரிவை எரிக்க முற்பட்டு ஆறு திங்கள் சிறைத் தண்டனை பெற்றார். 1965 சனவரியில் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மதுரையில் தொடங்கிய கலவரம் மாநிலம் எங்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறையிலும் பலர் உயிரிழந்தனர். மாண்டவர்களுள் நம்மினும் சில வயதே மூத்த மாணவரும் இருந்தனர். தாய்மார்கள் வடித்த கண்ணீருக்கு எந்த வெற்றியும் ஈடாகாது. அண்ணாவும் கிளர்ச்சியை நிறுத்துமாறு மாணவர்களை வேண்டிக்கொண்டார். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி பிப்ரவரியில் வானொலி வாயிலாக உறுதி அளித்தார்.

முதலமைச்சர் அண்ணா

1967 தேர்தலில் 234 இடங்களில் 137 இடங்களைக் கழகம் கைப்பற்றியது. மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார். பதவி ஏற்குமுன் அவர் செய்த முதற் செயல் என்ன தெரியுமா? பதினெட்டு ஆண்டுகளாகத் தம்மைக் கடுமையாகத் தாக்கி வந்தவரும், அந்தத் தேர்தலில் தமக்கு எதிராகப் பிரசாரம் செய்தவருமான பெரியாரைத் திருச்சிக்குச் சென்று வணங்கியதுதான். தம் ஆட்சியே அவருக்குக் காணிக்கை என்றும் பின்னர் அறிவித்தார். வென்றவர் தோற்றவரைத் தேடிச் செல்வதை அரசியலில் எங்கே காண்கிறோம்?

அண்ணா ஆட்சி செய்தது இரண்டு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. ஆனால் செய்த செயல்கள் இன்றும் நிற்கின்றன. சென்னை மாநிலம் என்ற பெயரைத் தமிழ்நாடு என மாற்றும் தீர்மானம் 1967 சூலை 18-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்பெயர் வேண்டும் எனக் கேட்டு விருதுநகரில் 76 நாள் உண்ணாநோன்பு இருந்து 1956-இல் உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரின் கனவு அதனால் நனவாயிற்று. சடங்குகள் இன்றி நடக்கும் சீர்திருத்தத் திருமணங்களுக்குச் சட்டப்படி உரிமை கிடைத்தது. அதுவரை அவ்வாறு மணம் செய்துகொண்ட பெண்களுக்கு மனைவி என்ற சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை எண்ணும்போது இச்சட்டத்தின் சிறப்பு நமக்கு நன்கு விளங்கும். 1968 சனவரியில் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழித் திட்டம் ஏற்கப்பட்டது. நாம் இன்று பள்ளியில் படிக்கும் முறை அதுவே. அதே திங்களில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடும் சிறப்புற நடந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அவர் காட்டிய நம்பிக்கை. நிதிநிலை இடம் தராததால் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில், அதுவும் சென்னையிலும் கோவையிலும் மட்டுமே, 1967 மே திங்களில் தொடங்க முடிந்தது. 1968 திசம்பர் 25, நாம் கிறிஸ்து பிறப்பு விழாக் கொண்டாடும் நாளில், தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஏழை உழவர் குடும்பத்தினர் 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. ஏழைகளுக்காகவே வந்த ஆட்சியில் அது நடந்ததே என்ற வேதனை, நோயுற்றிருந்த அண்ணாவை எவ்வளவு வாட்டியிருக்கும்! பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இவற்றை மறைப்பது நேர்மை ஆகாது என்று கருதியே இங்கே குறிப்பிட்டேன்.

உரோமையில் ஒரு வேண்டுகோள்

1968-இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகம் சப் ஆய்வாளர் என்னும் சிறப்பை அளித்து அண்ணாவை அழைத்தது. அந்தப் பயணத்தின்போது அவர் வத்திக்கான் சென்று பாப்பரசர் ஆறாம் பவுலைச் சந்தித்தார். 1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டிற்கு வருகை தந்தவரும், 2018-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றவருமான அதே பாப்பரசர்தாம். அவரிடம் அண்ணா தமக்கென்றோ தம் கட்சிக்கென்றோ எதுவும் கேட்கவில்லை. போர்த்துகல் நாட்டுச் சிறையில் வாடும் மோகன் ரானடே என்பவரை விடுவிக்க உதவ வேண்டும் என்று கேட்டார்.

ரானடே தமிழர் அல்லர். மராட்டியர். கோவாவில் ஆசிரியராக இருந்து அதன் விடுதலைக்குப் போராடி 1955-இல் போர்த்துகீசியரிடம் சிறைப்பட்டவர். 1961 திசம்பரில் கோவா இந்தியாவுடன் இணைந்தது. ஆனால் ரானடே மட்டும் தொலைவில் லிஸ்பன் பக்கத்துச் சிறையிலேயே கிடந்தார். கோவா விடுதலை பெற்று ஆறாண்டுக்கு மேல் ஆகியும் அவரை மறவாமல், கத்தோலிக்க நாடான போர்த்துகல் பாப்பரசரின் சொல்லுக்கு மதிப்பளிக்கும் என்று எண்ணிக் கேட்டவர் நம் அண்ணா. 1969 சனவரியில் ரானடே விடுதலையானார். அவர் இந்திய மண்ணை மிதித்து நன்றி சொல்ல வந்தபோது அண்ணா உயிருடன் இல்லை. சென்னைக் கடற்கரையில் அவர் துயிலும் இடத்தில்தான் ரானடேயால் தம் நன்றியைச் செலுத்த முடிந்தது.

இந்த இடத்தில் அக்காலத்துப் போர்த்துகலின் ஆட்சியாளரைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும். 1932 முதல் 1968 வரை அந்நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவர் சலசார். அவரும் தம் நாட்டின் மேல் பற்றுக் கொண்டவர்தாம். இளமையில் குருமடத்தில் படித்தவர். எளிய வாழ்வு வாழ்ந்தவர். ஆனால் கோவாவும் ஆப்பிரிக்க நாடுகளும் போர்த்துகலின் பிரிக்க முடியாத பகுதிகள் என்று சாதித்தார். அந்த மண்ணில் வாழும் மக்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்கவே இல்லை. பிடித்த பிடியை விடாததால் 1961 முதல் ஆப்பிரிக்காவில் நெடும்போர் மூண்டு இரு பக்கத்து இளைஞரும் மடிந்தனர். 1974-இல் போர்த்துகல் படையினரே வெகுண்டெழுந்து அந்த ஆட்சியை வீழ்த்திய பின்னரே போர் ஓய்ந்தது.

இருவரும் தம் நாட்டை நேசித்தவர்களே. ஆனால் ஒருவரின் பற்று பிறர் மண்ணையும் தமதென்றது. மற்றவரின் பற்றோ தம் வீட்டுக்கு உரிய மதிப்பை மட்டுமே கேட்டது. நாட்டுக்கு ஆபத்து வந்தபோது தன் பிடியைத் தளர்த்தியது. அயல் மொழி பேசும் ஒருவரின் விடுதலைக்காகவும் கை நீட்டியது.

மறைவு

அமெரிக்கப் பயணத்திலிருந்து திரும்பிய சில திங்களில் அண்ணாவுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஓய்வெடுக்க வேண்டிய அவர் மீண்டும் கோப்புகளோடும் மக்களோடும் உழைத்தார். 1969 சனவரி 14, பொங்கல் திருநாளன்று, தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்ததைக் கண்ணாரக் கண்டார். அதன்பின் மூன்று வாரமே வாழ்ந்தார். பிப்ரவரி 3 அன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தம் 59-ஆம் வயதில் உயிர் நீத்தார். தமிழ்நாடே கதறியது. எண்ணிச் சொல்ல முடியாத மக்கள் வெள்ளம் சென்னையை நிறைத்தது. முதலமைச்சராக இருந்து மறைந்தவர் பெரும் சொத்து எதையும் சேர்த்து வைக்கவில்லை என்பதை நாடு அறிந்தது.

இன்று காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகக் காக்கப்படுகிறது. அவர் உயிரைக் குடித்த அதே நோயால் துன்புறும் ஏழைகளுக்குக் காரப்பேட்டையில் அவர் பெயரால் மருத்துவமனை ஒன்று தொண்டாற்றி வருகிறது. 2009-இல் நூற்றாண்டு விழாவின்போது இந்திய அரசு அவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் வெளியிட்டது. அதில் அவருடைய தமிழ்க் கையொப்பம் உள்ளது. தனிநாடு கேட்டவரின் கையொப்பத்தை இந்திய நாணயத்திலேயே காணும்போது எவர் உள்ளமும் நெகிழும்.

முடிவுரை

எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கோத்து நெய்வதே கடினமான வேலை. தாத்தா உடல் நெய்ய, நான் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பேன். கரையின் நிறத்தை உடல் விழுங்கிவிட்டால் அது கோர்வை ஆகாது. கரை தனியே கழன்றுவிட்டாலும் சேலை ஆகாது. கோத்தது சரியாக இருந்தால் சேலை பழசாகிக் கிழியும் நாளிலும் அந்த இணைப்பு பிரியாது.

அண்ணா இந்தியாவுக்குச் சொன்னதும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா? தமிழராய் இருப்பதும் இந்தியராய் இருப்பதும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியவை அல்ல. மொழியை நேசிப்போம், பிற மொழியினரை வெறுக்காமல் நேசிப்போம். கொள்கையைப் பற்றி நிற்போம். நாட்டுக்கும் மக்களுக்கும் அதனால் கேடு வரும் என்றால் விட்டுக்கொடுக்கவும் கற்போம். வகுப்பறைச் சண்டையில் தோழியிடம் முதலில் சென்று பேசுவதிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்கலாம் அல்லவா?

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மோகன் ரானடேயின் கதை அவருக்கும் புதிது. கேட்டு முடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று, சாமி படங்களைத் துடைக்கும் துணியால் அண்ணாவின் படத்தையும் துடைத்து நேராக மாட்டினார். பிறகு தறியில் அமர்ந்து, கரை நாடா தள்ள என்னை அழைத்தார்.

வாழ்க அண்ணாவின் புகழ்! வளர்க தமிழ்நாடு! வெல்க பாரதம்!